காலையிலிருந்தே மப்பு

எங்கள் வீட்டில் வானம் மூடிக்கொண்டால் மந்தாரம் என்போம். மூட்டம் என்போம். ‘மழை வரும்போல இருக்கு’ என்று சுற்றி வளைத்தும் சொல்வோம். மப்பு என்று மட்டும் சொல்ல மாட்டோம். தெருவில் யாராவது பேச்சுவாக்கில் ‘மப்பும் மந்தாரமுமா இருக்குது’ என்று சொல்லிவிட்டால், காய் நறுக்கிக்கொண்டிருக்கும் அம்மாவின் கை ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மறுபடி நகரும். காரணம் அப்பா. ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் அந்தச் சொல் வானத்துக்கு மிச்சமே இல்லாமல் முழுக்க அவருக்கே செலவாகிவிட்டது.

அவர் குடித்த காலத்தை இங்கே விரித்து எழுதப்போவதில்லை. குடிகார அப்பா என்றாலே கைக்குட்டையைத் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நிறுத்திவிட்டார் என்பதுதான் செய்தி. நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் நிறுத்திவிட்டார். இப்போது நான் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு சொட்டு தொட்டார் என்பதற்கு ஒரு சாட்சியும் கிடையாது. ஆனால் அவர் நிறுத்தினாரே தவிர, எங்கள் மூக்குகள் நிறுத்தவில்லை.

அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் கருகிய கம்பியைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றி, மேலே வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். அந்த வார்னிஷும் அதில் கலக்கும் தின்னரும் அவர் சட்டையில், முடியில், நகக்கண்ணில் எல்லாம் ஊறிக் கிடக்கும். அம்மாவின் பெரிய துன்பமே இதுதான். ஒரு வாசனையை மறைக்க நினைக்கிற மனிதனுக்கு இதைவிடத் தோதான தொழில் கிடைக்குமா? “வேணும்னே இந்த வேலையப் புடிச்சிருக்காரு” என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் செய்கிற வேலை அது என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அவள் நேராக முகர்ந்து பார்க்க மாட்டாள். அங்கன்வாடியில் பிள்ளைகளோடு மாரடிக்கிறவள். உண்மையை எப்படி வரவழைப்பது என்று அவளுக்குத் தெரியும். அப்பா செருப்பைக் கழற்றும்போதே வாசலுக்கு வந்து, வாயைத் திறந்து பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு கேள்வியைக் கேட்பாள். “தயிரு வாங்கினு வந்தீங்களா?” “கரண்டு பில்லு இந்த வாட்டி ஜாஸ்தியா கம்மியா?” பதில் அவளுக்கு வேண்டாம், மூச்சுதான் வேண்டும். அப்பாவுக்கும் இது தெரியும். சில நாள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். அன்றைக்குச் சோறு போடும்போது அம்மா தட்டின் மேல் தேவைக்கு அதிகமாகக் குனிவாள். நான் மட்டும் என்ன யோக்கியமா? அவர் வண்டிக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, ஒரே உதையில் நின்றதா, தடுமாறி நின்றதா என்று பார்த்துப் பழகியவள் நான்.

இதில் எனக்கு ஆத்திரமூட்டுவது இந்த ஊர்தான். கிரிவலப் பாதையில் ஒரு வெள்ளைக்காரர் மரத்தடியில் கண்ணை மூடி நாள்முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தால், நல்ல நிலையில் இருக்கிறார் என்று சனங்கள் செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்கிறார்கள். காவி கட்டிய ஒருவர் எதையோ இழுத்துவிட்டு மலையைப் பார்த்துச் சிரித்தால் அது ஆனந்தம். அம்மன் கோயில் திருவிழாவில் ஒருத்தி கூந்தலை விரித்துப்போட்டு ஆடினால் அது மருள். ஆடித் துவண்டு விழுந்தால் ‘சாமி மலையேறிடுச்சு’ என்று தண்ணீர் தெளித்து உட்காரவைத்து விசிறிவிடுவார்கள். சமாதி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு அசையாமல் இருந்தாலும் சமாதி, செத்துப் புதைத்தாலும் சமாதி. எது எந்தச் சமாதி என்று இங்கே யாரும் துருவிக் கேட்பதில்லை. நினைவு தப்புகிற எல்லாருக்கும் இந்த ஊர் ஒரு மரியாதையான சொல் வைத்திருக்கிறது. எங்கள் அப்பாவுக்கு மட்டும் மப்பு.

சொல்லைப் பிரித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு என்பதால் அதையும் நான் விட்டுவைக்கவில்லை. அகராதியில் அது குடிகாரனாகப் பிறக்கவில்லை. அங்கே அதற்கு மேகமூட்டம் என்று ஒரு பொருள் இருக்கிறது. வயிறு மந்தமாக இருப்பது என்று ஒன்று. தலை கனத்துப்போவது, போதை என்று ஒன்று. செருக்கு என்றும் ஒன்று. வானத்தில் கிளம்பிய சொல் வயிற்றில் இறங்கி, அங்கிருந்து தலைக்கு ஏறி, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது என்று நானாகவே ஒரு கதை கட்டி வைத்திருக்கிறேன். யோசித்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. மூடிக் கிடக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது, எப்போது கொட்டும் என்றும் தெரியாது. தெளிவது என்ற சொல்லும் அதன் கூடவே போயிருக்கிறது. வானமும் தெளியும், குடித்தவனுக்கும் தெளியும்.

எங்கிருந்து வந்தது என்பதில்தான் சண்டை. எங்கள் துறையில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் டீ ஆறுவதற்குள் வேரைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிடுவார். மை என்றால் கறுப்பு, அதிலிருந்து மப்பு என்றார். இன்னொரு நாள் அதே வாயால் மது, மதம், மத்தம் எல்லாவற்றையும் இழுத்துவந்து ஒரே ரேஷன் கார்டில் சேர்த்தார். தெலுங்கில் மேகத்துக்கே அதுதான் பெயர், அங்கிருந்து வந்திருக்கும் என்றார் இன்னொருவர். ஏன், இங்கிருந்து அங்கே போயிருக்கக் கூடாதா என்று மூத்தவர் பாய்ந்தார். நான் இருவரையும் நம்பவில்லை. ஒலி ஒத்துப்போனால் உறவு என்று சொல்லிவிட முடியுமா? வேர்ச்சொல் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வரன் விசாரிக்க வருகிறவர்கள் ஞாபகம்தான் வரும். பூர்வீகம் எது, யார் வழி, வரும் வழியில் யாரோடெல்லாம் சேர்ந்தது, கெட்ட பழக்கம் உண்டா என்று தெருமுனையில் நின்று ஒருவரைக் கேட்பார்கள். கிடைத்த பதிலை அப்படியே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அப்படி விசாரிக்க ஒருவர் எங்கள் தெருவுக்கே வந்துசேர்ந்தார். அப்போது ஐப்பசி மாதம். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயக் குடும்பம், பையன் கால்நடை ஆய்வாளர். ஜாதகம் ஒத்துப்போனது, போட்டோ போய் வந்தது, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. போட்டோவில் அவர் ஒரு கன்றுக்குட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு, கேமராவைப் பார்க்காமல் கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பிடித்திருந்தது. பிடித்துவிட்டதாலேயே பயமாகவும் இருந்தது. இதற்கு முன்னால் வந்த ஒரு இடம், டவுனில் நாங்கள் முன்பு குடியிருந்த தெருவில் போய் விசாரித்துவிட்டு, வராமலே நின்றுவிட்டது. அப்பாவின் பழைய கதையை யாரோ அங்கே ஒன்றுவிடாமல் ஒப்பித்திருக்கிறார்கள்.

அந்தக் கதை தெரியாத தெரு வேண்டும் என்றுதான் நாங்கள் வேங்கிக்காலுக்குக் குடிவந்தோம். புது மனைகள், புது வீடுகள், ஆபீஸ் போகிற சனங்கள். யாருக்கும் யாருடைய பழைய சமாசாரமும் தெரியாது. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் தெரியாது. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள், தமிழ் எங்களைப் போலவே பேசுவார்கள். எங்கள் அம்மாவை அக்கா என்றும் அப்பாவை அண்ணன் என்றும் கூப்பிடுவார். நல்ல மனுஷி. அப்படித்தான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள், நான் கல்லூரியில் மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்தபோது அம்மாவின் போன் வந்தது.

“உடனே கெளம்பி வா. உங்கப்பா மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு.”

அதோடு போனை வைத்துவிட்டாள். நான் அனுமதி கேட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வழியெல்லாம் ஈரக்காற்று. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் பொறுத்தவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைவரை பொறுக்க முடியவில்லையா? வீட்டுக்குப் போய் எதைப் போட்டு உடைக்கலாம் என்றுகூட யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

அப்பா கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விரலெல்லாம் வார்னிஷ். அம்மா தோள்பையைக்கூட இறக்காமல் எதிரே நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கொட்டினாள். பையனின் தாய்மாமன், ஊருக்குள் லாட்ஜ் வைத்திருப்பவர், சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். எங்கள் வீட்டு பெல்லை அடித்திருக்கிறார். யாரும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுத் தெருமுனைக்குப் போய், அங்கன்வாடியில் இருந்த அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார்.

“பக்கத்து வீட்டம்மாவே சொல்லிச்சாம். காலைல இருந்தே மப்பாம். மேல ஏறினவரு இன்னும் எறங்கலயாம். நேத்து சாயங்காலம் கொஞ்சம் தெளிஞ்சாப்ல இருந்துச்சாம், விடியறதுக்குள்ள மறுபடியும் புடிச்சிக்கிச்சாம். இந்த மாசம் பூரா இதே ரோதனதானாம். குடிக்கறாரான்னு அந்த மனுஷன் கேக்கறாரு. நான் எந்த மூஞ்ச வச்சினு பேசறது?”

“நான் மாடில இருந்தேன்” என்றார் அப்பா. “பெல்லு கேக்கல. காயில காய வச்சினு இருந்தேன்.”

“காய வெச்சாராம். வெயிலே இல்லாத நாள்ல!”

“கடையில சுத்தமா காயல. இங்க வெயிலு வந்து வந்து போச்சு. அதான் வண்டியில எடுத்துனு வந்தேன். தார்பாய போட்டுப் போட்டு எடுத்துனு இருந்தேன்.”

கேட்கக் கேட்க எனக்கு அது சோடித்த கதையாகவே பட்டது. காயில் கடையில்தானே இருக்க வேண்டும்? வேலை நாளில் மத்தியானம் இவர் ஏன் வீட்டில் இருக்கிறார்? நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

“ஊதுங்க” என்றேன்.

ரோட்டில் வண்டியை மடக்குகிற போலீஸ்காரர் சொல்வதைப் போலவே சொன்னேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாயைத் திறந்து ஊதினார். கிராம்பு வாசனை வந்தது.

“கிராம்பு எதுக்கு?”

“பல்லு வலி.”

“எப்பலேர்ந்து?”

“ரெண்டு மூணு நாளா.”

“எங்ககிட்ட சொல்லவே இல்லயே?” என்றாள் அம்மா. பல் வலித்தால் ஊர் கிராம்பு போடும். எங்கள் வீட்டில் கிராம்பு போட்டால் அது வாக்குமூலம். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். நான் மாடிப்படி ஏறினேன்.

மாடியில் அவர் சொன்னபடியே தார்பாய் கிடந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் காயில்கள், வார்னிஷ் இன்னும் பிசுபிசுவென்று. அது எனக்குப் போதவில்லை. தண்ணீர் டேங்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு குவார்ட்டர் பாட்டில். பாதிவரை தண்ணீர் போல ஏதோ இருந்தது. கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த முகம் ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், இந்த இடமும் போயிற்று என்று நினைத்தேன். மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனேன்.

தின்னர். சுள்ளென்று ஏறி மூக்கை அறைந்தது. கண்ணில் நீர் முட்டியது, தலை கிறுகிறுத்தது, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். உலகத்தில் தின்னர் ஊற்றிவைக்க இந்த மனிதருக்கு வேறு பாட்டிலே கிடைக்கவில்லையா? அப்போதும் நான் நம்பினேன் என்று நினைக்காதீர்கள். குடித்து முடித்துவிட்டு அந்தப் பாட்டிலிலேயே தின்னரை ஊற்றிவைத்தால் யாருக்குத் தெரியும் என்று யோசித்தேன். சந்தேகப்படுகிறவளுக்கு ஒருவன் குற்றமற்றவன் என்பதற்கான ஆதாரமும் அவனுடைய சாமர்த்தியமாகத்தான் தெரியும்.

பக்கத்து மாடியில் ஆன்ட்டி கொடியிலிருந்து துணிகளை அவசர அவசரமாக உருவிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேலும் கோபம் பொங்கியது. குடித்தே இருந்தாலும் இருக்கட்டுமே, முன்பின் தெரியாதவரிடம் ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றி இப்படியா போட்டுக் கொடுப்பது?

“ஆன்ட்டி, எங்க அப்பாவப் பத்தி யாராவது வந்து கேட்டாங்களா?”

“ஆமா பாப்பா. வெள்ள வேட்டி கட்டினு ஒருத்தர் வந்தாரே. பெல்லு அடிச்சுப் பாத்தாராம். மாடில இருக்காரு, எறங்க நேரமாகும்னு நான்தான் சொன்னேன்.”

“மப்புன்னு சொன்னீங்களா?”

“சொன்னேனே” என்றார், கொஞ்சமும் கூசாமல். “காலைல இருந்தே மப்புதானே. தோ பாரு, மலையே காணோம்.”

துணி கிளிப்புகளைக் கொத்தாகப் பிடித்திருந்த கையைத் தூக்கிக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். மலை இருக்க வேண்டிய இடத்தில் மலை இல்லை. அடிவாரத்து மரங்களுக்கு மேலே ஒரே சாம்பல் நிறம். கல்லூரியிலிருந்து அத்தனை தூரம் அதை நோக்கியே வண்டி ஓட்டிவந்திருக்கிறேன், கவனிக்கவில்லை.

“நேத்து சாயங்காலம் கொஞ்சம் தெளிஞ்சுது. சரி, துணி காயும்னு ஊறப் போட்டேன். காலைல எழுந்து பாத்தா மறுபடியும் புடிச்சிக்கிச்சு. இந்த மாசம் பூரா இதே ரோதன. அண்ணனும் பாவம், அந்தக் கம்பியெல்லாம் வச்சினு மழைக்கும் வெயிலுக்கும் அல்லாடறாரு. ஏன் பாப்பா, எதாவது தப்பா சொல்லிட்டேனா?”

அவர் வாயில் அந்தச் சொல்லின் ‘ப’ கொஞ்சம் மெத்தென்று விழுந்தது. அவர்கள் வீட்டு மப்பு. குடத்துக்கும் குடைக்கும் தமிழ்ச் சொல் வந்துவிட்ட அந்த வீட்டில் மேகம் மட்டும் பழைய பாஷையிலேயே தங்கிவிட்டிருந்தது. துறையில் டீ ஆற ஆற நாங்கள் சண்டை போட்ட சொல்லை அந்த அம்மாள் மேகத்துக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள்தான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறோம். தப்பாக எதுவும் சொல்லவில்லை என்றேன். வேறு எப்படிச் சொல்வது? அந்தச் சொல் எங்களுக்கு என்ன என்று அவருக்கு விளக்கினால், எந்தக் கதை தெரியாத தெரு வேண்டும் என்று வந்தோமோ அந்தக் கதையை நானே சொன்னதாகிவிடும். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கீழே நான் சொன்னதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள். உடனே அந்தத் தாய்மாமனுக்குப் போன் போட்டாள். “அது மப்பு இல்லீங்க, மப்பு” என்று ஆரம்பித்துத் திணறினாள். “அய்யோ, அந்த மப்பு இல்லீங்க. மேகங்க. அவங்க வீட்ல தெலுங்குங்க.” அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு ‘ஓஹோ’ வந்தது. எனக்கு அந்த ஓஹோ பிடிக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இந்தக் கதையை நம்பியிருக்க மாட்டேன்.

அப்பா சிரிக்கவில்லை. அம்மா போனை வைக்கும்வரை காத்திருந்தார்.

“மத்தியானம் அந்தாளு போன் போட்டுக் கேட்டாரு இல்ல. அப்ப நீ இன்னா சொன்ன?”

“அதான் இப்பச் சொல்லிட்டேனே.”

“இப்ப இல்ல. அப்ப. உங்க வீட்டுக்காரரு குடிக்கறாரான்னு கேட்டப்ப.”

அம்மா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் உதவவில்லை, எனக்கும் அது தெரிய வேண்டியிருந்தது.

“வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்னு சொன்னேன்” என்றாள்.

அப்பா தலையை ஆட்டினார். “அந்தம்மா மேகத்தச் சொல்லிச்சு. நீதான் என்னப் பத்திச் சொன்ன” என்றார். சத்தம் போடவில்லை. என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். தார்பாயை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தூறல் ஆரம்பித்தது. அம்மா சொன்னதாவது போனில். ஊதச் சொன்னவள் நான், அதுவும் முகத்துக்கு நேராக.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைவரை வீடு வீடாக இல்லை. சாயங்காலம் வண்டி நிற்கும். அம்மா பழக்க தோஷத்தில் சமையலறையிலிருந்து எழுந்து வருவாள். கேள்வி கேட்க அவளுக்கு வாய் வராது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அவள் முன்னால் வந்து நின்று, வாயைத் திறந்து ‘ஹா’ என்று ஊதிவிட்டு உள்ளே போவார். யாரும் கேட்காமலே. முகத்தில் கோபம்கூட இருக்காது, பால் கணக்குச் சொல்லிவிட்டுப் போகிறவர் போலப் போவார். முதல் நாள் அம்மா, “போதும்ங்க, வுடுங்க” என்றாள். அடுத்த நாள் வாசலுக்கே வரவில்லை. அவர் சமையலறைக்கு வந்து ஊதிவிட்டுப் போனார். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதாள். எனக்கு இரண்டு பேர்மேலும் கோபமாக இருந்தது. யாருக்காகப் பேசுவது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வானம் மூடியே கிடந்தது. அப்பா நகக்கண்ணை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டு, மண்ணெண்ணெய் வாசனை போக இன்னொரு முறை குளித்தார். சலவை வேட்டி, சட்டை. பல்லுக்குக் கிராம்பு வைக்கவில்லை. வலியை அப்படியே பொறுத்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அவர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். பையனின் அப்பா, அம்மா, அந்தத் தாய்மாமன், பையன். நான் ஜன்னலுக்கு உள்ளே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் கைகூப்பிக்கொண்டு நின்றாள்.

பையனின் அம்மா எங்கள் அப்பாவுக்கு வணக்கம் சொன்னபோது தேவைக்கு ஒரு அடி அதிகமாகவே கிட்டே வந்தார். அந்த மூக்கு விடைத்ததை நான் பார்த்தேன். இந்த வித்தை எனக்குத் தெரியாததா என்ன? தாய்மாமன் சும்மாவே சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் பையனின் அப்பா ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “இங்கேருந்து மலை நல்லா தெரியும்னு சொன்னாங்களே” என்றார்.

அப்பா அவர்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். அம்மாவையும் பார்த்தார். ஜன்னல் பக்கமும் பார்த்ததாகத்தான் எனக்குத் தோன்றியது.

“நல்லா தெரியுங்க” என்றார். “இன்னிக்குக் காலைல இருந்தே மப்பு.”

எங்கள் வீட்டில் எவரும் அந்தச் சொல்லை அப்படிச் சத்தமாகச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அம்மா வெடுக்கென்று அவர் முகத்தைப் பார்த்தாள். பையனின் அம்மாவும் அப்பாவும் தாய்மாமனும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். எல்லாம் தெரிந்த நானும் ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து அவர் முகத்தைத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராகக் கழுத்தைத் திருப்பி வானத்தைப் பார்த்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பையன் மட்டும் எடுத்த எடுப்பிலேயே மேலே பார்த்தார். நெற்றிக்குக் கையைக் குடையாக வைத்துக்கொண்டு மலைப்பக்கம் முழுசாகத் திரும்பி நின்றார்.

“ஆமாங்க, மேக்கால நல்லா கருக்குது” என்றார். “களத்துல மல்லாட்ட காயுது. தார்பாய் போடாம வந்துட்டோம். ரெண்டு மணி நேரம் தாங்குமாங்க?”

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் அதற்கு அதுதான் பெயர்.

அப்பா படியை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றார். “தாங்கும். காத்து அந்தப் பக்கம் தள்ளுது பாருங்க. எனக்கும் மாடில காயிலு கெடக்குது” என்றார். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, எந்த மேகம் இறங்கும், எது கலையும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மற்ற எல்லாரும் வாசல்படியில் காத்துக்கொண்டு நின்றார்கள்.

தாய்மாமன் பையனிடம் அந்தச் சமாசாரத்தைச் சொல்லவே இல்லையா, சொல்லியும் அவர் வானத்தைத்தான் பார்த்தாரா, இல்லை நனையப்போகும் கடலையைத் தவிர வேறு எதுவும் அவர் மண்டையில் அப்போது இல்லையா? கல்யாணமான பிறகு இதை நான் பலமுறை, பலவிதமாகக் கேட்டுவிட்டேன். “மப்புன்னாரு. மேலதான பாக்கணும்?” என்கிறார் ஒவ்வொரு முறையும். உண்மையைச் சொல்கிறாரா என்று முகத்தைக் கூர்ந்து பார்ப்பேன். ஒன்றும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

அன்றைக்கு அவர்கள் கேசரி சாப்பிட்டு, காபி குடித்து, அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, மழை வருவதற்குள் வேனைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அம்மா தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். ‘போதும்ங்க’ என்றதற்குப் பிறகு முதல்முறையாக அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தாள்.

“அவங்க சரின்னுட்டாங்க. நாம ஒடனே தலையாட்டிடக் கூடாது. பையனப் பத்தி நாலு எடத்துல விசாரிக்கணும். பழக்கவழக்கம் எப்பிடி, என்னான்னு.”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, அடக்கி வைத்திருந்த பல்வலிக்கு ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அம்மா அதைப் பார்த்தாள். அடுத்த தட்டை எடுத்து அடுக்கினாள்.

“எங்கயும் போவ வேணாம்” என்றார் அப்பா. “நான் விசாரிச்சிட்டேன்.”

“எப்ப? எங்க போய் விசாரிச்சீங்க?”

“இங்கதான்” என்றார். “வாசல்ல.”